அடுத்த ஹெட்போன் எது? பெங்களூர் அறையிலிருந்து ஓர் ஒப்பீடு

மூவாயிரம் ரூபாய் ஹெட்போனில் சில ஆண்டுகள் பாட்டுக் கேட்டவருக்கு ஒரு கட்டத்தில் கை அரிக்கத் தொடங்கிவிடும். பாட்டு நன்றாகத்தான் கேட்கிறது. ஆனால் இதைவிட நன்றாகக் கேட்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மாரத்தஹள்ளியில் நண்பர்கள் இருவருடன் வாடகை வீட்டில் இருக்கும் என் அக்காள் மகன் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறான். போனஸ் பணத்தில் இருபத்தைந்தாயிரத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, "சென்ஹைசரா, ஹைஃபைமேனா? ஒரே பேச்சில் சொல்லுங்கள் மாமா" என்றான். ஒரே பேச்சில் முடிகிற சங்கதி இல்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மாடல் என்பது கடைசிக் கேள்வி. எங்கே உட்கார்ந்து, எந்த நேரத்தில், எதைக் கேட்கப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் பட்டியலில் பாதி தானாக உதிர்ந்துவிடும். மீதிப் பாதிக்குள் சண்டை போடுவதில் கொஞ்சம் அர்த்தம் இருக்கிறது.

விலை கூடக்கூட ஒலி நன்றாகும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே தட்டி வைப்பது நல்லது. யெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அலைவரிசை அளவீடுகளை அவற்றின் கடை விலையோடு ஒப்பிட்டு, 2017இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டுக்கும் தொடர்பு காணவில்லை என்பதே அதன் முடிவு. அதாவது, பேஸ் எவ்வளவு, குரல் எவ்வளவு, டிரெபிள் எவ்வளவு என்ற விகிதம் சரியாக அமைவதற்கும் விலைச்சீட்டுக்கும் சம்பந்தம் இல்லை. அப்படியானால் கூடுதல் பணம் எங்கே போகிறது? இடது காதும் வலது காதும் ஒன்றுபோல் ஒலிப்பதில், ஒலி சிதையாமல் வருவதில், மூன்று மணி நேரம் தலையில் இருந்தாலும் உறுத்தாத அமைப்பில், பழுதானால் மாற்றக் கிடைக்கும் உதிரிப் பாகத்தில். இவை எல்லாம் பணம் கொடுத்து வாங்கத் தகுந்தவைதான். ஆனால் மூவாயிரத்திலிருந்து இருபத்தைந்தாயிரத்துக்குப் போனால் பாட்டு எட்டு மடங்கு இனிக்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்துதான் போவார்.

கதவு இருக்கிறதா?

பத்தாயிரத்தைத் தாண்டி ஹெட்போன் தேடுபவர் எவரும் சந்திக்கும் முதல் பிரிவு, ஓப்பன் பேக்கா குளோஸ்டு பேக்கா என்பது. ஓப்பன் பேக்கில், ஒலி எழுப்பும் பாகமான டிரைவருக்குப் பின்னால் அடைப்பு கிடையாது, வலைதான். ஒலி உள்ளே மோதித் திரும்பாததால் பாட்டு காதுக்குள் அடைத்துக்கொண்டதுபோல் இல்லாமல், சற்று வெளியே விரிந்து கேட்கும். இந்த விலையில் பேர்பெற்றவை பெரும்பாலும் இந்த வகைதான். ஆனால் வலை இருவழிப் பாதை. நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். அவர் போடும் குக்கரின் விசில் உங்களுக்கும் கேட்கும்.

பெங்களூரில் இது சின்ன விஷயமில்லை. மெட்ரோ தூண் வேலை நடக்கும் வெளிவட்டச் சாலையை ஒட்டிய வீட்டில், பகலில் ஓப்பன் பேக் மாட்டிக்கொண்டு தம்புராவின் நுணுக்கத்தைத் தேடுவது வீண். எதிர் மனையில் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறார்கள் என்றால் அந்த வாரம் போயே போயிற்று. அல்சூரில் எங்கள் தெருவில்கூட, இரவு பத்தரைக்குப் பிறகுதான் ஓப்பன் பேக் தன் சுயரூபத்தைக் காட்டும். எனவே தனி அறையும் சாத்தக்கூடிய கதவும் இரவு நேர ஓய்வும் உள்ளவருக்கு ஓப்பன் பேக். ஒரே அறையில் இன்னொருவர் தூங்குகிறார் என்றால் அதை மறந்துவிடுங்கள். பி.ஜி. விடுதியில் இருப்பவர்கள் இந்த வரியை இரண்டு தரம் படிக்க வேண்டும்.

பர்ப்பிள் லைனில் ஒயிட்ஃபீல்டு போய் வரும்போது கேட்பதற்குத்தான் ஹெட்போன் என்றால், ஆடியோ பிரியர்களின் பட்டியலே தேவையில்லை. இரைச்சலை நீக்கும் புளூடூத் ஹெட்போன் ஒன்றை, சோனியின் 1000எக்ஸ் வரிசை மாதிரி, வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். ஒலித் தூய்மையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறோம். பதிலுக்கு வண்டிச் சத்தத்தை அமுக்க ஒலியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டிய கட்டாயம் நீங்குகிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபெல் வரை என்று உலகச் சுகாதார நிறுவனம் வரம்பு சொல்கிறது. சாலை இரைச்சலோடு போட்டி போடுபவர் அந்த வரம்பை எளிதாகத் தாண்டிவிடுவார். காது போனால் எந்த சென்ஹைசரும் மீட்டுத் தராது.

என் மருமகனுக்குத் தனி அறை இருக்கிறது. பாட்டுக் கேட்பது இரவில். அலுவலகத்துக்கு வேறு இயர்போன் வைத்திருக்கிறான். ஆக, ஓப்பன் பேக் அவனுக்குச் செல்லும்.

எதை வைத்துச் சோதிப்பது

ஹெட்போன் சோதனைக்கென்று உலகம் முழுக்கச் சுற்றும் பாட்டுப் பட்டியல்கள் இருக்கின்றன. அமெரிக்க ஜாஸ், ஐரோப்பியப் பியானோ. நல்ல பதிவுகள்தான். ஆனால் நமக்குத் தெரியாத கருவியின் ஒலி சரியாக வருகிறதா என்று நாம் எப்படித் தீர்ப்புச் சொல்வது? ராமநவமி நாள்களில் சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் பந்தலடியில் உட்கார்ந்து கச்சேரி கேட்டவருக்கு மிருதங்கமும் தம்புராவும் எப்படி ஒலிக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் காது நினைவுதான் நம்முடைய அளவுகோல்.

மிருதங்கம் இந்தச் சோதனைக்கு எவ்வளவு கடினமான கருவி என்பதற்கு சர் சி.வி. ராமனே சாட்சி. 1920இல் ஒரு கட்டுரையிலும், பெங்களூருக்கு வந்த பிறகு 1934இல் விரிவாகவும், நம் மத்தளங்களைப் பற்றி அவர் எழுதினார். சாதாரண முரசில் தோலின் பல்வேறு அதிர்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை, வெறும் 'தொம்'தான் வரும். மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே உள்ள கரணை என்ற கறுப்புப் பூச்சின் எடை அந்த அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி, ஒரு கம்பி வாத்தியத்தைப்போல முறையான ஐந்து சுரங்களாகக் கோத்துவிடுகிறது என்று அவர் காட்டினார். ஆகவே ஒரு 'தீம்' என்ற சொல்லில் அடித்த நொடியின் கூர்மை, அதன் பின் நிற்கும் சுருதி, மேலே மெல்ல மறையும் கிளைச் சுரங்கள் மூன்றும் இருக்கின்றன. தொப்பி என்ற இடப்பக்கத் தோலில் இழுக்கும் கும்கி ஒலி வேறு கதை. தம்புராவுக்கோ ஜீவா நூல். கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே அந்த நூல் இருக்கும் இடத்தைப் பொறுத்து மேல் கிளைச் சுரங்கள் திரை திரையாக எழும்பும்.

எம்20எக்ஸில், அதாவது என் மருமகன் வைத்திருக்கும் ஆடியோ டெக்னிக்கா குளோஸ்டு பேக்கில், ஒரு தனி ஆவர்த்தனத்தைப் போட்டுக் கேட்டோம். வலந்தலையின் அடி தெரிந்தது. எந்த அடி என்பதும் தெரிந்தது. ஆனால் 'நம்', 'தீம்' இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நெருங்கிக் கேட்டால்தான் பிடிபட்டது. தொப்பியின் ஒலி பெருத்து, வலந்தலையின் வாலை மூடியது. தம்புரா பின்னணியில் ஒரு ரீங்காரமாக மட்டும் நின்றது. அதே இடத்தை சென்ஹைசரின் எச்.டி. 600இல் கேட்டபோது, தம்புராவின் நான்கு கம்பிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மீட்டப்படுவது காதில் விழுந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தது அந்த இடத்தில்தான். மிருதங்கத்துக்கு அல்ல, தம்புராவுக்கு.

எச்சரிக்கை ஒன்று உண்டு. நம்மில் பலர் கேட்பது வானொலியிலிருந்து கேசட்டில் பிடித்த பழைய கச்சேரிகள். மத்திய அலை ஒலிபரப்பில் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. அந்தப் பதிவுகளுக்காக முப்பதாயிரம் செலவழித்தால் கிடைப்பது நாடாவின் 'உஸ்' ஒலி, இன்னும் தெளிவாக. இருமல்கள், நாற்காலி நகரும் ஓசை எல்லாம் கூடவே. சிலருக்கு அதுவே அரங்கில் உட்கார்ந்த உணர்வைத் தருகிறது. எனக்கும் பிடிக்கும். ஆனால் விலை கொடுப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

சென்ஹைசர் குடும்பம்

எச்.டி. 600 வெளிவந்தது 1997இல். எச்.டி. 650, 2003இல். இரண்டும் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. மின்னணுச் சந்தையில் இது அபூர்வம். வாங்கிய மறு மாதமே புது மாடல் வந்துவிடுமோ என்ற கவலை இங்கே இல்லை. 2016இல் மாஸ்டிராப் (இப்போது டிராப்) என்ற இணையக் கடைக்காக 6எக்ஸ்எக்ஸ் என்ற பெயரில் வந்தது ஏறக்குறைய 650தான், நிறமும் விலையும் வேறு.

இந்தக் குடும்பத்தின் பலம் மனிதக் குரல். ஆண் குரலின் கனம், பெண் குரலின் மேல் ஸ்தாயி, வயலினின் வில் உரசல் எல்லாம் அதனதன் அளவில் நிற்கும், எதுவும் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வராது. எழுபதுகளின் திரைப்பாடல்களில் 'ஸ', 'ச' எழுத்துகள் சீறும் இடங்களில்கூட 650 பொறுமையாக இருக்கும். 600 கொஞ்சம் வெளிச்சமானது, 650 கொஞ்சம் வெதுவெதுப்பானது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம், இவற்றின் ரசிகர்கள் சண்டை போடும் அளவுக்கு இல்லை. எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்கலாம்.

பலவீனங்களும் வெளிப்படை. ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் சரிந்துகொண்டே போகும். கர்நாடக இசைக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. தொப்பியின் ஒலியில் பெரும்பகுதி அதற்கு மேலேயே முடிந்துவிடும். இன்றைய திரைப்பாடல்களில் சின்தசைசர் போடும் அடி ஆழ பேஸுக்கு நஷ்டம்தான், அதுவும் நன்றாகவே தெரியும் நஷ்டம். அடுத்து, இசை அரங்கம் அகலமாக விரியாது. பாடகர் நெற்றிக்கு எதிரே நிற்பார், பக்கவாத்தியம் இரு காதருகே. மூன்றாவது, புதிதாக இருக்கும்போது பிடி இறுக்கம். கண்ணாடி போடுபவர்கள் முதல் சில வாரம் முனகுவார்கள்.

ஆனால் இன்னொரு பக்கம் பாருங்கள். 260 கிராம்தான் எடை. காதுப் பஞ்சு, தலைப்பட்டையின் மெத்தை, கம்பி, வலை, டிரைவர் வரை ஒவ்வொன்றும் கையாலேயே கழற்றி மாட்டக்கூடியது. கம்பி அறுந்தால் ஹெட்போனைத் தூக்கிப் போடுவது என்ற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இதில் கம்பியை மட்டும் மாற்றினால் போதும். பஞ்சு மட்டும் அமுங்கியதும் மாற்றியே ஆக வேண்டும், ஏனென்றால் காதுக்கும் டிரைவருக்கும் உள்ள தூரம் குறைந்தால் ஒலியே மாறிவிடும். வெல்வெட் போன்ற துணிப் பஞ்சு என்பதால் காது வேர்ப்பதும் குறைவு. பெங்களூர் வானிலைக்கு இது ஒரு பொருட்டில்லை. சென்னைக்கு மே மாதம் எடுத்துப் போனால் அருமை தெரியும்.

தம்பி முறையில் 2020இல் வந்த எச்.டி. 560எஸ், 600ஐவிட மலிவு. பேஸ் இன்னும் கீழே இறங்குகிறது, அரங்கம் சற்று அகலம், மின்தடை 120 ஓம்ஸ் என்பதால் போனிலேயே தாராளமாக ஓடும். குரலின் அந்த இதம் மட்டும் 600 அளவுக்கு வராது. மேல் அலைவரிசையில் கொஞ்சம் கூர்மை. உடலும் பிளாஸ்டிக்கும் விலைக்கேற்றபடி. என்னைக் கேட்டால், எல்லாவிதப் பாட்டும் கேட்டு, விளையாட்டும் ஆடி, சினிமாவும் பார்க்கும் இளைஞருக்கு 560எஸ் பொருந்தும். பாட்டு ஒன்றுக்காக மட்டும் இருட்டில் உட்காருபவருக்கு 600.

சுந்தராவும் ஒரு வோல்ட்டும்

ஹைஃபைமேன் சுந்தரா 2018இல் வந்தது. வேறு இனம். சாதாரண ஹெட்போனில் கூம்பின் நடுவே ஒட்டிய கம்பிச் சுருள் அதைத் தள்ளி இழுக்கும். சுந்தரா சேர்ந்த பிளானார் வகையில் மெல்லிய படலம் முழுவதும் கடத்திக் கோடுகள் பரவியிருக்கும், காந்தங்களின் இடையே படலம் மொத்தமாக அசையும். இதனால் கிடைக்கும் பெரிய லாபம் பேஸ். அளவில் பெருத்த பேஸ் அல்ல, ஆழம் வரை சரியாமல் நேராக இறங்கும் பேஸ். தொப்பியின் கும்கியைச் சுந்தராவில் கேட்கும்போது தோல் வளைவது தெரியும். சின்தசைசர் பாடல்களில் 600 விட்டுவிட்ட அடித்தளம் இதில் முழுமையாக இருக்கும். வேகமான கொன்னக்கோலோ மோர்சிங்கோ வந்தால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும்.

குரலில்தான் எனக்கு இதன்மேல் மனத்தாங்கல். ஒன்று, இரண்டு கிலோஹெர்ட்ஸ் பகுதியில் ஒரு சிறு பள்ளம் இருப்பதால் பாடகர் ஓரடி பின்னால் போய்விடுகிறார். அரங்கம் அகலமாகத் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். மேல் பகுதியில் சுறுசுறுப்பு அதிகம். 372 கிராம் என்பது கழுத்துக்குத் தெரியும் எடை. பழுதானால் வீட்டிலேயே பிரித்து மாட்டும் வசதி சென்ஹைசர் அளவுக்கு இல்லை.

இங்கே ஒரு கணக்கு. "600க்கு 300 ஓம்ஸ், ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் ஓடவே ஓடாது. சுந்தராவுக்கு 37 ஓம்ஸ்தான், போனிலேயே ஓடும்" என்று சிலர் சொல்வார்கள். வேறு சிலர் நேர்மாறாக, பிளானாருக்குத்தான் பெரிய ஆம்ப் வேண்டும் என்பார்கள். ஆப்பிள் விற்கும் சின்ன யு.எஸ்.பி. சி ஹெட்போன் அடாப்டர், ஐரோப்பிய வகையைத் தவிர்த்தால், ஏறத்தாழ ஒரு வோல்ட் தரும். வோல்டை வோல்டால் பெருக்கி ஓம்ஸால் வகுத்தால் வாட். 300 ஓம்ஸில் ஒரு வோல்ட் என்றால் 3.3 மில்லிவாட். 37 ஓம்ஸில் 27 மில்லிவாட். சுந்தராவின் உணர்திறன் குறைவு. ஆனால் அதே ஒரு வோல்ட்டில் எட்டு மடங்கு மின்சாரத்தை இழுத்துக்கொண்டு 600ஐவிடச் சில டெசிபெல் உரக்கவே ஒலிக்கும். 600ம் ஒன்றும் முடங்கிவிடாது, அதே வோல்ட்டில் நூறு டெசிபெல்லைத் தாண்டும். மூடிய அறையில் இரவில் கேட்க அது தாராளம். தாழ்ந்த ஒலியில் பதிவான பழைய கச்சேரிகளுக்கு மட்டும் ஒலி கொஞ்சம் போதாததுபோல் இருக்கும். எனவே ஃபியோ, டாப்பிங், ஐஃபை என்று ஆம்ப்களுக்காக இன்னொரு பத்தாயிரத்தை முதல் நாளே எடுத்து வைக்க வேண்டாம். ஆப்பிள் அடாப்டர் சில ஆண்ட்ராய்டு போன்களில் முழு ஒலி தராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். லேப்டாப்பில் அந்தத் தொல்லை இல்லை.

இந்தக் கணக்கிலிருந்து வெளிவரும் இன்னொரு சங்கதி முக்கியமானது. ஒரே ஒலிக் குமிழ் நிலையில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் சுந்தராதான் ஜெயிக்கும். நல்லதாக இருப்பதால் அல்ல, உரக்க ஒலிப்பதால். மனிதக் காதுக்குச் சற்று உரக்க ஒலிப்பது தெளிவாகவும் செழுமையாகவும் தோன்றும். என் மருமகன் முதலில் "சுந்தராதான் மாமா, சந்தேகமே இல்லை" என்றான். ஒரே பாடகரின் ஒரே வரியைக் காதால் சமமாக ஒலிக்கும்வரை குமிழைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி கேட்டதும், சந்தேகம் வந்துவிட்டது. கடையில் ஒப்பிட்டுக் கேட்பவர்கள் விற்பனையாளர் குமிழைத் தொட விடாமல் தாமே ஒலியைச் சமப்படுத்திக்கொள்வது நல்லது.

மற்றவை, சுருக்கமாக

பேயர்டைனமிக் டி.டி. 990 புரோவை 'மலிவு, அகலம், ஜெர்மன்' என்று பலர் பரிந்துரைப்பார்கள். 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் அதற்கு ஒரு கூர்முனை உண்டு. ஜால்ராவும் மோர்சிங்கும் உள்ள இசைக்கு அதை நான் வாங்க மாட்டேன். ஸ்வரம் பாடும்போது ஒவ்வொரு 'ஸ'வும் ஊசி குத்தும். கம்பியும் கழற்ற முடியாதது, அறுந்தால் சால்டரிங் வைக்க வேண்டும். பழைய டேப்பின் மந்தமான ஒலிக்கு அந்தக் கூர்மை கொஞ்சம் மருந்தாகலாம் என்பதை மறுக்கவில்லை.

குளோஸ்டு பேக்தான் வேண்டும் என்பவருக்கு அதே நிறுவனத்தின் டி.டி. 770 புரோ அல்லது ஆடியோ டெக்னிக்காவின் எம்50எக்ஸ். இரண்டும் ஒலிப்பதிவுக் கூடத்தில் அடிபட்டுப் பழகியவை, சீக்கிரம் உடையாது. ஆனால் எம்20எக்ஸிலிருந்து எம்50எக்ஸுக்குப் போவதை மேம்பாடு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பேஸ் பெருக்கும், டிரெபிள் மின்னும். தம்புரா அதே இடத்தில்தான் இருக்கும்.

காதுக்குள் செருகும் இயர்போன்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசாவிட்டால் இந்த ஒப்பீடு பொய்யாகிவிடும். மூன்டிராப், ட்ரூதியர், 7ஹெச்இசட் போன்ற சீன நிறுவனங்கள் சில ஆயிரம் ரூபாய்க்குத் தரும் கம்பி இயர்போன்கள், ஒலி விகிதத்தில் இங்கே பேசிய எதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை. பேஸ் ஆழம் வரை போகும், வெளி இரைச்சலும் அடங்கும். அறைத் தோழர்கள் உள்ளவருக்கும், கட்டட வேலை நடக்கும் தெருவில் இருப்பவருக்கும் இதுதான் என் முதல் சிபாரிசு. இருபத்தைந்தாயிரத்தில் இருபதாயிரம் மிஞ்சும். கிடைக்காதது, தலைக்கு வெளியே விரியும் அந்தக் காற்றோட்டமும், நீண்ட நேரம் காதுத் துவாரத்தில் எதுவும் இல்லாத சுகமும்தான்.

எதையும் வாங்காமல் இருப்பதும் ஒரு தேர்வு. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி இருவரும் 2012 முதல் கேட்போரை உட்காரவைத்துச் செய்த சோதனைகள் மூலம், பெரும்பாலோர் விரும்பும் ஒலி விகிதம் எது என்று ஒரு வளைகோடு வரைந்தார்கள். ஒவ்வொரு ஹெட்போனையும் அதுபோன்ற ஓர் இலக்குக்கு அருகே கொண்டுவரும் ஈக்வலைசர் அளவுகளை ஆட்டோஈக்யூ என்ற திட்டம் இலவசமாகத் தருகிறது. அவற்றைப் போட்டுக் கேட்க விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்ற செயலிகள் உண்டு. எந்த அலைவரிசையை எவ்வளவு கூட்டுகிறீர்களோ, மொத்த ஒலியை அந்த அளவு குறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உரத்த இடங்களில் ஒலி சிதையும். எம்20எக்ஸில் இதைச் செய்து பார்த்ததும் தொப்பி அடங்கி, தம்புரா அரைவாசி வெளியே வந்தது. மீதி அரைவாசிக்குத்தான் காசு. அது வேண்டுமா என்று முடிவு செய்ய, பணம் செலவாகாத இந்த வழியில் ஒரு மாதம் கேட்டுப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அவனுக்கு நான் சொன்னது 560எஸ். அவன் கேட்பதில் பாதி புதிய திரைப்பாடல், கால்பங்கு விளையாட்டு, மீதிதான் கச்சேரி. தனி ஆம்ப் வேண்டாம், எடை குறைவு, பணமும் கையில் கொஞ்சம் நிற்கும். கச்சேரிப் பங்கு பாதியைத் தாண்டியிருந்தால் 600 என்றிருப்பேன். சுந்தராவை, பேஸ் ஆழத்துக்காகவே தேடுபவருக்கும் கழுத்து பலமுள்ளவருக்கும் மனதாரச் சொல்வேன். அவனோ இன்னும் சுந்தரா பக்கமே சாய்ந்துகொண்டிருக்கிறான், அது அவன் காது, அவன் காசு.

வாங்கும் இடம்

விலை மாதத்துக்கு மாதம் மாறும். பண்டிகைத் தள்ளுபடிக்கும் சாதாரண நாளுக்கும் சில ஆயிரம் வித்தியாசம் வரும் என்பதால், தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவசரப்பட வேண்டாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஹெட்போன் ஜோன் போன்ற தனிக்கடைகளில் இந்தியாவுக்கான உத்தரவாதத்தோடு கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைத்தால் சுங்கவரி சேர்ந்து லாபம் கரைவதோடு, பழுதானால் பெட்டியைக் கடல் தாண்டித் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். பெங்களூரின் மின்னணுச் சந்தையான எஸ்.பி. ரோட்டில் அடாப்டர், நீட்டுக் கம்பி, பழைய லேப்டாப்புக்கு சவுண்ட் கார்டு எல்லாம் வாங்கலாம். பேர்பெற்ற ஹெட்போனை அங்கே பில் இல்லாமல் பாதி விலைக்கு யாராவது நீட்டினால் கையைக் கட்டிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

பழையது வாங்குவதற்கு 600, 650 போல ஏற்றவை வேறில்லை. பஞ்சையும் மெத்தையையும் புதிதாக மாற்றினால் ஏறக்குறைய புதியதுதான். விற்பவர் வீட்டுக்கே போய், குரல் மட்டும் உள்ள ஒரு மோனோ பதிவைப் போட்டுக் கேளுங்கள். பாடகர் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்போனை இடவலம் திருப்பி மாட்டுங்கள். சாய்வும் சேர்ந்து திரும்பினால் கோளாறு ஹெட்போனிலோ பதிவிலோ, திரும்பாவிட்டால் உங்கள் காதில். கம்பி நுழையும் இடத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள், கரகரப்பு வந்தால் கம்பியின் விலையைக் கழித்துப் பேசலாம். லேப்டாப் சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல் வந்தால் அது ஹெட்போனின் குற்றமில்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டு மறுபடி கேளுங்கள். புதியது வாங்கினாலும் இதே சோதனைகளைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் செய்துவிட வேண்டும், பெட்டியையும் அதுவரை எடைக்குப் போடாமல் வைத்திருங்கள்.